நடுவில் நின்ற மேகம்

உக்காருங்க மக்களே. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும், இதுல இருங்க. மக்களேன்னு கூப்பிட்டா கோவிச்சுக்கிடாதீங்க, நாகர்கோவில்ல சின்னவங்கள நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த ரெக்கார்டர இப்ப அமத்தி வையுங்க. பொறவு போட்டுக்கிடலாம். மொதல்ல சும்மா பேசுவோம்.

பேரு கோமதின்னு போன்ல சொன்னீங்க. சங்கரன்கோயில் பக்கமா? பேரே சொல்லுதே. ராக்கெட் புகையப் பத்தி ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ணுது, பழைய பிலிமெல்லாம் தேடி எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்துதுன்னு எம் மருமவன் சொன்னப்ப நான் நம்பல. நாப்பத்தெட்டு வருசமா ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இப்ப திடீர்னு இந்த ஞானசிகாமணி ஞாபகம் வந்திருக்கு. சந்தோசம்தான், இல்லேன்னு சொல்லல.

அந்தப் படத்தத்தான பாக்குதீங்க? உள்ள நுழைஞ்சதுலேருந்து உங்க கண்ணு அந்தச் செவத்துலயே நிக்குது. பாருங்க, நல்லாப் பாருங்க. ஆனா கழத்தக் கூடாது. பழைய பிரேமு, கை வச்சா கண்ணாடி நொறுங்கிரும். வேணும்னா இங்கேருந்தே போன்ல புடிச்சுக்கிடுங்க. என் பேரன் ஒரு தடவ கழத்தப் போனான், முதுகுல ரெண்டு வச்சேன். அன்னைலேருந்து யாரும் தொடுதது இல்ல.

கருப்பு வெள்ளைதான். நெசத்துல அந்த ராக்கெட் புகை ஆரஞ்சு நெறம். கமலா ஆரஞ்சு இல்ல, பழுத்த பப்பாளியக் கீறினா உள்ள இருக்குமே, அது. கடற்கரையில ராக்கெட்ட விடுவாங்க, சூரியன் அடைஞ்சு அரை மணி நேரம் கழிச்சு. கீழ நமக்கு இருட்டிரும். நூறு கிலோமீட்டர் ஒசரத்துல வெயில் இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்கும். அந்த எடத்துல போயி ராக்கெட்டு சோடியம் ஆவியக் கக்கிக்கிட்டே ஏறும். வெயில் பட்டு அது எரியுத மாதிரி மினுங்கும். மொதல்ல நேர்கோடு. பொறவு காத்து புடிச்சு இழுக்கும். ஒரு ஒசரத்துல கெழக்க இழுக்கும், அதுக்கு மேல மேக்க இழுக்கும். பத்து நிமிசத்துல கோடு இடியாப்பம் ஆயிரும். அந்தப் புகையத்தான் நாங்க மேகம்னு சொல்லுவோம். அங்கன எந்தக் கருவியும் நிக்காது, பலூன் எட்டாது. அதனால புகைய விட்டுக் காத்தக் கண்டுபுடிக்கது. உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்க அதப் படிச்சவங்க. நான் பாத்தவன், அவ்வளவுதான்.

கிரேஸி, காப்பி என்னாச்சு? காப்பித்தூள் இல்லியா? சரி, கடைக்குப் போயிட்டு வா. மெதுவாப் போ, ஒண்ணும் அவசரமில்ல.

போட்டும். அவ இருந்தா நடுவுல நடுவுல பேசுவா. எங் கதைய என்னைய விட அவதான் நல்லாச் சொல்லுவா. அம்பது தடவ கேட்டிருக்கால்லா. "நேரம் தப்பாச் சொன்ன பொம்பளையால எங்க வீட்டுக்காரருக்குப் பிரமோசன் போச்சு"ன்னு சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா.

அதத்தான் சொல்ல வந்தேன். இருபத்தொம்பது வருசம் வேல பாத்தேன் மக்களே. என்ன போஸ்ட்ல நொழஞ்சேனோ அதுக்கு ஒரு படி மேல, அவ்வளவுதான். எனக்குப் பொறவு வந்தவன்லாம் கார்ல போனான். அழுத பிள்ளைக்குத்தான் பால். நான் அழல. ஒரு ராத்திரி பிலிம் கெட்டுப் போச்சுன்னு பைல்ல எழுதிட்டாங்க. கெட்ட பிலிமா இது? நீங்களே சொல்லுங்க. பாளையங்கோட்டையிலயும் ஒரு மலை மேலயும் கேமரா வச்சு அதே அன்னைக்கு இதே மேகத்தப் படம் எடுத்தாங்க. அவுங்க படத்துல மேகம் ஓரத்துல தொங்குது, பாதி வெட்டுப்பட்டிருக்கு. என் படத்தப் பாருங்க. நட்ட நடுவுல நிக்குது.

எங்க அப்பாவுக்கு வடசேரியில ஸ்டூடியோ. நான் பத்து வயசுலேருந்து இருட்டறையில கெடந்தவன். எங்க அப்பா ஒண்ணே ஒண்ணுதான் படிச்சுக் குடுத்தாரு. ஆளு நடுவுல இருக்கணும்ல. ஓரத்துல இருந்தா அது படமில்ல, விபத்து. கைப்புள்ளய ஸ்டூல்ல உக்கார வச்சா அது சும்மா இருக்குமா? நெளியும், சாயும். புள்ள சாஞ்ச பக்கம் நாம கேமராவத் திருப்பணும். அந்தக் கை எனக்கு உண்டு. கழுவுத வேல, அச்சு எடுக்குத வேல எல்லாம் தெரியும்னுதான் என்னைய ராக்கெட்காரங்க தற்காலிகமா எடுத்தாங்க. கன்னியாகுமரியில ஒரு பழைய பங்களா மொட்டை மாடி. அங்கன ஒரு கேமரா, ஒரு வயர்லெஸ், நானு, ரெத்தினபாய்.

ஆமா, ரெத்தினபாய். நீங்க அந்தப் பேர லாக் புக்குல பாத்திருப்பீங்க.

கொளச்சல்காரி. கணக்குல பி.எஸ்சி. அவளுந்தான் தற்காலிகம். ராக்கெட் தளத்துலேருந்து வயர்லெஸ்ல நொடி எண்ணுவாங்க. அவ காதுல மாட்டிக்கிட்டு அத எனக்கு ஒறக்கச் சொல்லணும். நான் அமுக்குவேன். எந்த நொடியில எத்தனாவது படம்னு அவ லாக் புக்குல எழுதுவா. ஒரு நொடி பிசகக் கூடாது. ஏன்னா பாளையங்கோட்டை, மலை, கன்னியாகுமரின்னு மூணு எடத்துலயும் ஒரே நொடியில எடுத்தாத்தான், படத்த வச்சுப் போடுத மூணு பார்வைக் கோடும் ஆகாசத்துல ஒரு எடத்துல முட்டும். அவ குரலு கடல்காத்துலயும் கணீர்னு கேக்கும். என்னைய அண்ணேன்னுதான் கூப்பிடுவா. மதியம் கொண்டு வந்த மீன் கொழம்பப் பாதி எனக்கு ஊத்துவா. நல்ல பொண்ணுதான், நான் கெட்டதுன்னு சொல்லவே இல்ல.

என்ன கேக்குதீங்க?

இல்ல, நேரம் தப்பாப் போச்சுன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணாங்க. நான் முடிவு பண்ணல. வெங்கடாத்ரின்னு ஒரு ஆபீசரு, அவருதான் கணக்குப் போட்டுப் பாத்தாரு. பாளையங்கோட்டைக் கோடும் மலைக் கோடும் முட்டுது, கன்னியாகுமரிக் கோடு மட்டும் எங்கயோ போகுது. அப்ப நேரத்துலதான் தப்புன்னு எழுதிட்டாரு. அவரு படிச்சவரு. நாம என்ன சொல்ல முடியும்?

என்னது? நட்சத்திரமா?

பிலிம்ல நட்சத்திரம் எங்க இருக்கு? சாயங்கால வெளிச்சம் இன்னும் போகாத நேரம். மொதப் படத்துல ஒண்ணோ ரெண்டோ தெரியும். அதுக்கு மேல இருந்தா ஆபீசரே பாத்திருப்பாருல்லா.

கம்ப்யூட்டருக்குத் தெரியுதா? ஒவ்வொரு படத்துலயும் ஏழெட்டு? நம்ம கண்ணுக்குத் தெரியாதது அதுக்குத் தெரியுதா. நல்ல காலம்தான். சரி, தெரிஞ்சா என்ன?

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

அப்ப நேரம் நொடி பிசகலன்னு சொல்லுதீங்க. நட்சத்திரம் எடம் மாறி நிக்குதத வச்சு, ஏழாவது படத்துலேருந்து கேமராவே திரும்பியிருக்குன்னு சொல்லுதீங்க. எத்தன தடவ? பதினோரு தடவயா? நான் ஒரு நாலஞ்சுன்னு நெனச்சிருந்தேன்.

இல்ல, நீங்க உக்காருங்க. எந்திரிக்காதீங்க. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. சொல்லுதேன். ரெக்கார்டரு அமந்துதான இருக்கு?

ஆனைக்கும் அடி சறுக்கும் மக்களே. அதுக்கு முந்தின மூணு ராக்கெட்டும் எனக்கு மழ மேகத்துல போச்சு. ஒண்ணும் கெடைக்கல. நாலாவது இது. எங்க ரெண்டு பேரையும் நிரந்தரமாக்கலாமான்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டு இருந்த சமயம். அன்னைக்கு ஆகாசம் கழுவி விட்ட மாதிரி. கோடு ஏறிச்சு பாருங்க, கீழ ரோட்டுல சனங்க நின்னுட்டாங்க. ஒரு பஸ்ஸே நின்னுச்சு. நான் அமுக்குதேன், அவ சொல்லுதா, நான் அமுக்குதேன். மூணாவது நிமிசம் பாத்தேன். மேகம் கேமராக் கட்டத்தோட ஓரத்துக்குப் போயிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு நிமிசத்துல பாதி வெளிய போயிரும். என் கையி ஸ்டாண்டு ஸ்க்ரூவுக்குப் போச்சு. நான் போகச் சொல்லல. அதாப் போச்சு. லேசாத் தளத்தி, மேகம் போற பக்கம் திருப்பி, நடுவுல கொண்டாந்தேன்.

"அண்ணே, கேமரா திரும்புது"ன்னா.

"தெரியும், நீ நேரத்தச் சொல்லு"ன்னேன்.

சொன்னா. அவ நேரத்த நிப்பாட்டல. ஆனா பேனா ஓடிச்சு. அமுக்குத சத்தத்துக்கு நடுவுல பேனா ஓடுத சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

கேமராவத் தொடக் கூடாதுன்னு எங்ககிட்டச் சொல்லலியான்னு கேக்குதீங்க. சொன்னாங்க. மொத நாளே சொன்னாங்க. நானும் தலையாட்டினேன். ஸ்டாண்டத் தட்டிரக் கூடாது, படம் கலங்கிரும்னு சொல்லுதாங்கன்னுதான் எனக்குப் புரிஞ்சுது. மேகம் ஓடுததுதான் கணக்குன்னு எனக்கு ஒறைக்கல. எல்லாரும் என்னையக் கூப்பிட்டது படம் எடுக்க. நான் படம் எடுத்தேன்.

மறுநாள் காலையில இருட்டறையில கழுவி, காயப் போட்டு, இருபத்தி நாலு படத்தையும் வரிசையா மேசையில வச்சேன். ஒண்ணப் போல ஒண்ணு. எல்லாத்துலயும் மேகம் நடுவுல. எங்க அப்பா உயிரோட இருந்தா என் தோள்ல தட்டியிருப்பாரு. ரெத்தினபாயக் கூப்பிட்டுக் காமிச்சேன். அவ குனிஞ்சு மொதப் படத்துலேருந்து கடைசிப் படம் வரைக்கும் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் மெதுவாச் சொன்னா:

"அண்ணே, இதுல காத்தே இல்லியே."

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. அவ்வளவு செலவு பண்ணி ஒரு ராக்கெட்ட விட்டு, காத்தப் பாக்கத்தான் மேகத்த விட்டாங்க. நான் மேகம் போற பக்கமெல்லாம் கூடவே போயி, காத்த எல்லாம் அழிச்சுட்டேன்.

அவளும் விவரமானவ. "பரவால்லண்ணே, லாக்ல எழுதியிருக்கேன், எந்தெந்தப் படத்துல திருப்பினீங்கன்னு. அத வச்சு ஆபீஸ்ல ஏதாவது சரிபண்ண முடியும்"னா. தாள எடுத்துக் காமிச்சா. வேர்வையில மை பரவி, கோணல் மாணலா, நேரத்துக்குப் பக்கத்துலேயே எழுதியிருந்தா. 'கேமரா திருப்பப்பட்டது.' என் பேரும் இருந்துச்சு.

அந்தப் பேருதான் மக்களே. அது இல்லாட்டா நான் விட்டிருப்பேன்.

கிரேஸுக்கு அப்ப ஏழாவது மாசம். ஸ்டூடியோவ அண்ணன்மாரு எடுத்துக்கிட்டானுவ. இந்த வேலையும் போனா நான் எங்க போவேன்? அவகிட்ட அதத்தான் சொன்னேன். "ரெத்தினபாய், இத வேற தாள்ல நல்லா எழுது. நேரம் மட்டும் எழுது. திருப்பினத நான் ஆபீசர நேர்ல பாத்துச் சொல்லிக்கிடுதேன். எழுத்துல போனா வேற மாதிரி ஆயிரும். திங்கக்கிழமை அவரு வாராரு. நானே சொல்லிக்கிடுதேன். நீ ஒண்ணும் சொல்லாத." அவ யோசிச்சா. "நீங்க சொல்லிருவீங்கல்லாண்ணே?"ன்னு ஒரு தடவ கேட்டா. சொல்லிருவேன்னேன். உக்காந்து எழுதினா. முத்து முத்தா, ஒரு அடித்தல் இல்லாம. பழைய தாள நான் வாங்கி வச்சுக்கிட்டேன்.

திங்கக்கிழமை ஆபீசரு வந்தாரு. படத்தப் பாத்துட்டு, "பியூட்டிஃபுல், ஞானசிகாமணி"ன்னாரு. கூட வந்தவங்ககிட்ட எல்லாம் காமிச்சாரு. அப்ப எப்படிச் சொல்ல? நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் மாலை போடும்போது எங்கழுத்துல புண்ணு இருக்குன்னு சொல்ல முடியுமா? அடுத்த திங்கக்கிழமை சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்.

மூணாவது வாரம் கணக்கு முட்டலன்னு தெரிஞ்சு போச்சு. ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. அவரு அந்த லாக் தாள எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. "இருட்டுல, காத்துல, நொடிக்கு நொடி எழுதின தாள் இப்படியா இருக்கும்? இது அப்ப எழுதினதா?"ன்னு கேட்டாரு. அவ பொய் சொல்லல. "இல்ல சார், பொறவு பாத்து எழுதினது"ன்னா. "அப்ப ஒரிஜினல் எங்க?"

அவ என்னையப் பாத்தா.

நான் லென்ஸத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். லென்ஸ்ல தூசி இல்ல. இருந்தாலும் தொடச்சேன்.

"காணோம் சார்"னா.

அவ்வளவுதான். நேரத்த மனசுல இருந்து எழுதினவள்னு முடிவாச்சு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க. அந்த மாசத்தோட அவ வேல முடிஞ்சுது. நீட்டிச்சுத் தரல. என்னைய சூன் மாசம் நிரந்தரமாக்கினாங்க. கெட்ட பிலிம்னு ஒரு குறிப்பு மட்டும் என் பைல்ல ஏறிச்சு. அதுனாலதான் பிரமோசன் நின்னுச்சுன்னு நான் இத்தன வருசமும் சொல்லிக்கிட்டு இருக்கேன். இப்ப உங்ககிட்டயும் மொதல்ல அதத்தான் சொன்னேன், பாத்தீங்களா.

போற அன்னைக்கு என்கிட்ட வந்தா. "சொல்லிட்டீங்களாண்ணே?"ன்னா. சண்டைக்கு வரல. நான் சொல்லுதேன், சமயம் பாத்துச் சொல்லுதேன்னேன். சரிண்ணேன்னுட்டு பஸ் ஏறிட்டா. ரெண்டு பேரும் வேல இழக்கதுக்கு ஒருத்தருக்காவது இருக்கட்டுமேன்னு நான் மனசத் தேத்திக்கிட்டேன். அவளுக்குப் படிப்பு இருந்துச்சு, எங்கயாவது பொழைச்சுக்கிடுவான்னு நெனச்சேன். கொளச்சல் இங்கேருந்து ஒரு மணி நேரம். நான் போனதே இல்ல. அந்தப் பக்கம் ஒரு கல்யாணம்னாக்கூடக் கிரேஸத்தான் அனுப்புவேன்.

அவ இருக்காளா, இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. கேட்டா யாராவது சொல்லிருவாங்களோன்னு கேக்கல.

என்ன சொன்னீங்க?

நீங்க பாத்தீங்களா? எப்ப? போன ஞாயித்துக்கிழமையா? டியூசன் எடுத்துப் பொழைக்காளா? இங்க வாரதுக்கு மொதல்லயே அங்க போயிருக்கீங்க. அப்ப நீங்க எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கீங்க. என்னையப் பேச விட்டுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க.

இல்ல, சொல்லலியா? அவ ஒண்ணுமே சொல்லலியா? கம்ப்யூட்டர்ல தெரிஞ்சத எல்லாம் காமிச்சீங்க, உங்க நேரம் சரியாத்தான் இருந்துச்சுன்னு சொன்னீங்க, கேமராவ யாரு திருப்பினாங்கன்னு நேராக் கேட்டீங்க, அப்பயும் சொல்லலியா? அழுதாளா? அழலியா. சிரிச்சாளா.

வேற என்ன சொன்னா? ஏதாவது சொல்லியிருப்பாளே. அவ வாயால சொன்னத அப்படியே சொல்லுங்க.

...

இன்னொரு தடவ சொல்லுங்க மக்களே.

"அண்ணன் நானே சொல்லிக்கிடுதேன்னு சொல்லியிருக்காரு. அவரு சொல்லாம நான் எப்படிச் சொல்ல?"

நாப்பத்தெட்டு வருசம். டியூசன் எடுத்துப் பொழைச்சுக்கிட்டு, நேரம் தப்பாச் சொன்னவள்னு பேரு வாங்கிக்கிட்டு, நான் சொல்லுவேன்னு இருந்திருக்கா. என்னையத் திட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன். அவ நம்பிக்கிட்டுல்லா இருந்திருக்கா.

கேட்டு சத்தம் கேக்குதா? கிரேஸு வந்துட்டா. இல்ல, நீங்க போகாதீங்க. இருங்க. கிரேஸி, அந்தப் பைய அங்கன வச்சுட்டு இங்க வா. காப்பி பொறவு போடலாம். வந்து இப்படி உக்காரு. நான் ஒண்ணு சொல்லப் போறேன், நடுவுல பேசாத. எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. உக்காரு.

கோமதி, அந்தப் படத்தக் கழத்துங்க. எனக்குக் கை எட்டாது. உடையாது, கழத்துங்க, உடைஞ்சாலும் பரவால்ல. திருப்பிப் போடுங்க. பின்னால அட்டையில நாலு ஆணி இருக்கா? நெம்புங்க. அட்டைக்கும் படத்துக்கும் நடுவுல ஒரு தாள் இருக்கும். மடிப்புல கிழிஞ்சிரும், மெதுவா. மை பரவியிருக்கும், ஆனா படிக்கலாம். அது ரெத்தினபாய் கையெழுத்து. அன்னைக்கு மாடியில, காத்துல, நொடிக்கு நொடி எழுதினது. ஏழாவது வரியப் பாருங்க.

இன்னைக்கு என்ன கெழமை? வியாழனா? சரி.

இப்ப அந்த ரெக்கார்டர போடுங்க. செவப்பு வெளக்கு எரியுதா? மணி பதினொண்ணு நாப்பதுன்னு மொதல்ல சொல்லிருங்க, நேரம் பதியட்டும். கிரேஸி, நீயும் கேட்டுக்கோ. ரெத்தினபாய் சொன்ன நேரம் சரி. கேமராவத் திருப்பினது நான்.